சிமோனா ஹாலெப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ருமேனியாவின் டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2025 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். அவர் பேச்சு வந்தாலே பாதிப் பேர் 2019 விம்பிள்டன் இறுதியில் அமெரிக்காவின் செரீனா வில்லியம்ஸை 56 நிமிடத்தில் வீழ்த்திய கதையை எடுப்பார்கள், மீதிப் பேர் ஊக்கமருந்து வழக்கை எடுப்பார்கள். இரண்டுக்கும் முன்னால் நீண்ட ஆட்டக்காலம் ஒன்று இருக்கிறது. அதில் தோல்விகள்தான் சுவாரசியமானவை என்பது என் கட்சி. அதனால் கீழே தோல்விகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், ஹாலெப் என்ன சாதித்தார்?

2018 பிரெஞ்சு ஓபன், 2019 விம்பிள்டன் என இரண்டு கிராண்ட் ஸ்லாம் (ஆண்டின் நாலு பெரிய போட்டிகள்) ஒற்றையர் பட்டங்கள். பெண்கள் டென்னிஸை நடத்தும் டபிள்யூடிஏ சுற்றில் மொத்தம் 24 பட்டங்கள்: கடினத் தரையில் 13, களிமண்ணில் 9, புல்லில் 2. உலகத் தரவரிசையில் 64 வாரம் முதலிடம். 2017, 2018 இரண்டு ஆண்டுகளையும் முதலிடத்தில் இருந்தபடியே முடித்தார். பரிசுப்பணம் மட்டும் 4 கோடி டாலரைத் தாண்டும்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு எண். 2014 ஜனவரியிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை 373 வாரம் அவர் முதல் பத்து இடங்களை விட்டு இறங்கவேயில்லை. பெண்கள் டென்னிஸில் ஒரு கிராண்ட் ஸ்லாமை வென்றுவிட்டு அடுத்த வருடமே தடுமாறியவர்கள் ஏராளமாக இருந்த காலம் அது.

எந்த ஊர்க்காரர்? டென்னிஸுக்கு எப்படி வந்தார்?

கருங்கடல் ஓரத்தில் இருக்கும் துறைமுக நகரமான கான்ஸ்டான்சாவில் 1991 செப்டம்பர் 27 அன்று பிறந்தார். பெற்றோர் இருவரும் அரோமேனியர்கள், அதாவது பால்கன் பகுதியில் பரவி வாழும் ஒரு சிறுபான்மைச் சமூகத்தினர். ருமேனியக் கால்பந்தின் மிகப்பெரிய பெயரான ஜார்ஜி ஹாஜியும் அதே சமூகம், அதே மாவட்டம். அப்பா ஸ்டெரே உள்ளூர்க் கழகங்களில் கால்பந்து ஆடியவர், பிறகு பால்பொருள் தொழிற்சாலை நடத்தினார்.

அண்ணன் டென்னிஸ் பழகப் போக, நாலு வயதுத் தங்கையும் பின்னாலேயே போனாள். அண்ணன் பாதியில் விட்டுவிட்டார், தங்கை விடவில்லை. 16 வயதில் பயிற்சிக்காகத் தலைநகர் புக்கரெஸ்டுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த வருடமே, 2008இல், பிரெஞ்சு ஓபன் சிறுமியர் பட்டம் கைக்கு வந்தது. இறுதியில் எதிரே நின்றவரும் ருமேனியர்தான்: எலேனா போக்டன்.

ருமேனியாவில் டென்னிஸ் அவ்வளவு பெரிய விளையாட்டா?

கால்பந்துக்கும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் பிறகுதான். ஆனால் பாரம்பரியம் ஆழமானது. ஆடவர் தரவரிசையைக் கணினி வழியாக 1973 ஆகஸ்டில் ஆடவர் டென்னிஸ் அமைப்பான ஏடிபி முதன்முதலில் வெளியிட்டபோது உச்சியில் இருந்தவர் ருமேனியாவின் இலி நஸ்டாசே. அவரும் இயோன் சிரியாக்கும் சேர்ந்து நாட்டை மூன்று முறை, நாடுகள் மோதும் ஆடவர் தொடரான டேவிஸ் கோப்பையின் இறுதிக்குக் கொண்டுபோனார்கள். 1969, 1971, 1972 மூன்றிலும் அமெரிக்காவிடம் தோல்வி. அதில் 1972 இறுதி புக்கரெஸ்டிலேயே, தங்களுக்குத் தோதான களிமண்ணிலேயே நடந்தும் கோப்பை கைநழுவியது.

பெண்களில் விர்ஜினியா ரூஸிச் 1978இல் பிரெஞ்சு ஓபன் வென்றார். அவருக்குப் பிறகு ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டம் ருமேனியாவுக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின. 2018இல் ஹாலெப் வென்றபோது அவருடைய மேலாளராக இருந்தவரே இந்த ரூஸிச்தான். இதை யாராவது கதையில் எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்போம்.

பதின்ம வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டது உண்மையா?

உண்மை. 2009இல், 17 வயதில், மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முதுகுவலி இருந்தது, பந்துக்கு உடனே திரும்ப முடியவில்லை என்று காரணம் சொன்னார். விளையாட்டு வீராங்கனையாக இல்லாவிட்டாலும் செய்துகொண்டிருப்பேன் என்றும் சேர்த்தே சொன்னார். எதையும் மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. அப்போது சில பத்திரிகைகள் இதை எழுதிய விதம்தான் படிக்கக் கூசும்படி இருந்தது.

2013இல் திடீரென்று எங்கிருந்து முளைத்தார்?

முளைக்கவில்லை, அங்கேயேதான் இருந்தார். 2010, 2011, 2012 என வருடத்துக்கு ஒரு இறுதிப்போட்டி, மூன்றிலும் தோல்வி. தரவரிசையில் ஐம்பதைச் சுற்றியே வட்டம். பிறகு 2013 ஜூனில் நியூரம்பெர்க் களிமண்ணில் முதல் பட்டம், மறுவாரமே நெதர்லாந்தில் புல்தரையில் இரண்டாவது. வருடம் முடிவதற்குள் புடாபெஸ்ட், நியூ ஹேவன், மாஸ்கோ, சோஃபியா. ஒரு பட்டம்கூட இல்லாமல் வருடத்தைத் தொடங்கியவர் ஆறு பட்டங்களோடு முடித்தார். மூன்று வகைத் தரையிலும் வென்றிருந்தார் என்பதை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. களிமண் ஆட்டக்காரி என்ற முத்திரை 2019 வரை ஒட்டிக்கொண்டே இருந்தது.

அவர் ஆட்டத்தில் அப்படி என்ன விசேஷம்?

உயரம் 168 சென்டிமீட்டர். செரீனா, ஷரபோவா, கிவிட்டோவா, பிளிஸ்கோவா என்று ஒரே சர்வில் புள்ளியை முடிக்கக்கூடியவர்கள் நிறைந்த காலத்தில் இந்த உயரத்தோடு வந்து நின்றவர். அவருடைய இரண்டாவது சர்வைப் பார்த்தாலே எதிராளிகள் ஓரடி முன்னால் வந்துவிடுவார்கள்.

சர்வில் விட்டதை ரிட்டர்னில் பிடிப்பதுதான் அவர் கணக்கு. எதிராளி சர்வ் போட்ட மறுகணம் பந்து அவர் காலடியிலேயே ஆழமாக வந்து விழும். அதற்குப் பிறகு கால்களின் வேலை. ஹாலெப்பின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு செட்டை ஓட்டிவிடலாம். இடப்பக்க மூலைக்குத் துரத்தப்பட்டால் சறுக்கிக்கொண்டே போவார். களிமண்ணில் எல்லோரும் சறுக்குவார்கள், இவர் கடினத் தரையிலும் ரப்பர் கிறீச்சிடச் சறுக்குவார். சறுக்கல் முடியும் இடத்தில் இரண்டு கையாலும் பேக்ஹேண்ட், அதுவும் கோட்டை ஒட்டி நேராக. தற்காத்துக்கொண்டு இருந்தவர் அந்த ஒரே அடியில் தாக்குபவராக மாறியிருப்பார். எதிராளியின் வேகத்தையே வாங்கி அவருக்கே திருப்பிக் கொடுக்கும் ஆட்டம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓட வேண்டும். சர்வால் இலவசப் புள்ளி வாங்கத் தெரியாதவர் பத்து வருடம் உச்சத்தில் இருக்க வேண்டுமென்றால் அதற்கான விலையைக் கணுக்காலும் முதுகும் கெண்டைக்காலும் முழங்காலும் கொடுத்தாக வேண்டும். அவர் வாழ்க்கைக் குறிப்பில் இந்த நாலு உறுப்பும் ஏறக்குறைய இதே வரிசையில் வரும்.

இவ்வளவு நன்றாக ஆடியவருக்கு முதல் கிராண்ட் ஸ்லாம் ஏன் அவ்வளவு தாமதம்?

மூன்று இறுதிகளில் தோற்ற பிறகுதான் வென்றார். மூன்றும் மூன்று செட் ஆட்டங்கள். மூன்றும் மூன்று வகைத் தோல்விகள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2014 பிரெஞ்சு ஓபன், ஷரபோவாவிடம் 6-4, 6-7, 6-4. மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்தது. முதல் இறுதிக்கு வந்த 22 வயதுப் பெண்ணிடம் அதற்குமேல் யாரும் எதிர்பார்க்க முடியாது. அது கௌரவமான தோல்வி.

2017 பிரெஞ்சு ஓபன்தான் ரணம். எதிரே லாட்வியாவின் யெலேனா ஒஸ்டாபென்கோ. தரவரிசையில் 47, அதுவரை சுற்றுப்போட்டிகளில் ஒரு பட்டம்கூட வென்றதில்லை, அந்த வாரம்தான் 20 வயது முடிந்திருந்தது. ஹாலெப் முதல் செட்டை 6-4 என்று எடுத்து இரண்டாவதில் 3-0 முன்னிலை. நாலாவது கேமிலும் பிரேக் பாயின்ட், அதாவது எதிராளி சர்வ் போடும் கேமைப் பறிக்கும் வாய்ப்பு, கிடைத்தது. அதை எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஒஸ்டாபென்கோ என்ன செய்தார் என்றால், எல்லாப் பந்தையும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதுபோல் அடித்தார். ஆட்டம் முடிந்தபோது அவர் கணக்கில் 54 வின்னர்கள் (எதிராளியால் எட்ட முடியாமல் புள்ளியாகும் அடிகள்), 54 தவறுகள். ஹாலெப்பின் வின்னர்கள் வெறும் 8. மூன்றாவது செட்டிலும் ஹாலெப் 3-1 முன்னால் இருந்தார். அங்கிருந்து ஒரு கேம்கூட வரவில்லை. கடைசி பிரேக் வந்த விதம் இன்னும் கொடுமை: வெளியே போக வேண்டிய ஒஸ்டாபென்கோவின் பந்து வலையின் மேல் பட்டையில் தட்டித் திசை மாறி உள்ளே விழுந்தது. ஹாலெப் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அந்த 8 என்ற எண்ணை மறக்க வேண்டாம். எதிராளி தவறு செய்யக் காத்திருந்தால், தவறே செய்யாத அரை மணி நேரம் எதிராளிக்கு வாய்க்கும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. முன்னிலையில் இருந்தபோது ஹாலெப் பின்வாங்கினார் என்பதே என் வாசிப்பு.

மூன்றாவது 2018 ஆஸ்திரேலிய ஓபன். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

பயிற்சியாளர் டேரன் கேஹில் ஏன் நடுவில் விட்டுப் போனார்?

2017 மியாமி ஓபன். காலிறுதியில் பிரிட்டனின் ஜோஹன்னா கோன்டாவுக்கு எதிராக ஒரு செட் முன்னிலை, இரண்டாவது செட்டும் கைக்கெட்டும் தூரம். 6-6 ஆனபின் செட்டைத் தீர்மானிக்கும் டைபிரேக்கரில் அதைக் கோட்டைவிட்டதும் ஹாலெப் உள்ளுக்குள் சுருங்கிப்போனார். தன்னையே திட்டிக்கொள்வது, தோள் தொங்குவது, மூன்றாவது செட்டைக் கிட்டத்தட்டக் கைவிடுவது. அந்தக் காலத்தில் டபிள்யூடிஏ போட்டிகளில் பயிற்சியாளர் செட்டுக்கு ஒரு முறை மைதானத்துக்குள் வந்து பேசலாம். கேஹில் வந்து பேசினார், பலனில்லை. ஆட்டம் முடிந்ததும் பிரிந்துவிட்டார்.

கேஹில் லேய்டன் ஹியூவிட், ஆந்த்ரே அகாசி இருவருக்கும் பயிற்சி கொடுத்தவர். பிற்பாடு இத்தாலிய வீரர் யானிக் சின்னரோடு பார்த்தோமே, அதே ஆஸ்திரேலியர். ஆட்டத்தில் குறை இருந்தால் திருத்தலாம், இந்த மனப்போக்கோடு உட்கார்ந்திருக்க மாட்டேன் என்பது அவர் நிலை. ஹாலெப் கோபித்துக்கொள்ளவில்லை. உளவியல் உதவி எடுத்துக்கொண்டார், சில வாரங்களில் கேஹில் திரும்பி வந்தார், மே மாதம் மாட்ரிட் பட்டத்தை ஹாலெப் தக்கவைத்துக்கொண்டார். அந்தப் பிரிவு தனக்கு நல்லதே செய்தது என்று பிற்பாடு அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் கோபம் அதோடு ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2019இலும் ராக்கெட் தரையில் மோதத்தான் செய்தது. மூன்றாவது செட்டைக் கைவிடுவது மட்டும் நின்றது.

கிராண்ட் ஸ்லாம் வெல்லாமலே முதலிடமா?

ஆமாம். அதற்கும் படாத பாடு பட்டார். 2017இல் மட்டும் மூன்று முறை, ஒரே ஒரு வெற்றி தூரத்தில் முதலிடம் நழுவியது: பாரிஸில் பிரெஞ்சு ஓபன் இறுதி, விம்பிள்டன் காலிறுதி (மறுபடியும் கோன்டா), சின்சினாட்டி இறுதி. சின்சினாட்டியில் கார்பினே முகுருசா 6-1, 6-0 என்று நசுக்கினார்.

நாலாவது தடவை அக்டோபரில் பெய்ஜிங். அந்த வாரம் முதலில் ஷரபோவாவை வென்றார், அதுவரை ஏழு ஆட்டங்களில் ஒரு முறைகூட வென்றதில்லை. அரையிறுதியில் வந்து நின்றவர் வேறு யார், ஒஸ்டாபென்கோவேதான். 6-2, 6-4. அக்டோபர் 9 அன்று தரவரிசையின் உச்சியில் முதல் ருமேனியப் பெண்ணாக அவர் பெயர் வந்தது.

அந்தச் சிவப்பு உடை கதை என்ன?

2017 முடிவில் அடிடாஸுடனான ஒப்பந்தம் தீர்ந்துபோனது, புதிய ஒப்பந்தம் அமையவில்லை. உலகின் முதல்நிலை வீராங்கனைக்கு உடை கொடுக்க நிறுவனம் இல்லை. இணையத்தில் தேடி, சீனாவில் ஒரு தையற்காரரிடம் சொல்லித் தைத்த முத்திரையில்லாத சிவப்பு உடையோடு 2018 ஆஸ்திரேலிய ஓபனுக்கு வந்தார்.

அந்த இரண்டு வாரத்தில் உடை மட்டும்தான் அவருக்குச் சொன்னபடி கேட்டது. முதல் சுற்றிலேயே கணுக்கால் பிசகியது. மூன்றாவது சுற்றில் அமெரிக்காவின் லாரன் டேவிஸோடு 4-6, 6-4, 15-13. மூன்று மணி 44 நிமிடம். கடைசி செட்டில் 10-11 என்றிருந்தபோது தன் சர்வில் 0-40, அதாவது எதிராளிக்கு ஆட்டத்தையே முடித்துவிடக்கூடிய மூன்று மேட்ச் பாயின்ட். மூன்றையும் தப்பித்தார். அரையிறுதியில் ஆஞ்சலிக் கெர்பரோடு 6-3, 4-6, 9-7, அங்கேயும் இரண்டு மேட்ச் பாயின்ட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இறுதியில் டென்மார்க்கின் கரோலின் வோஸ்னியாக்கி. தரவரிசையில் முதலிடமும் இரண்டாமிடமும் மோதினார்கள், இருவரிடமும் அதுவரை கிராண்ட் ஸ்லாம் இல்லை. புழுக்கமான மெல்போர்ன் இரவில் 7-6, 3-6, 6-4 என்று வோஸ்னியாக்கி வென்றார், முதலிடமும் அவருக்கே போனது. ஹாலெப் அன்றிரவு உடலில் நீர்ச்சத்து வற்றிப்போய் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. 2014 தோல்வியில் அனுபவம் போதவில்லை, 2017இல் துணிச்சல் போதவில்லை, இந்த முறை உடம்பில் மிச்சம் ஒன்றும் இல்லை. இதற்குமேல் ஒருவரை ‘மனதளவில் பலவீனமானவர்’ என்று யாரும் சொல்ல முடியாமல் போயிற்று.

2018 பாரிஸில், பிரெஞ்சு ஓபனில், என்ன மாறியது?

முதல் சுற்றின் முதல் செட்டையே 2-6 என்று இழந்து ஆரம்பித்தார். காலிறுதியில் கெர்பர், அரையிறுதியில் முகுருசா, இறுதியில் ஸ்லோன் ஸ்டீபன்ஸ். இவர்களில் கிராண்ட் ஸ்லாம் வென்றிராதவர் யாருமில்லை.

ஜூன் 9 இறுதியில் ஸ்டீபன்ஸ் முதல் செட்டை 6-3 என்று எடுத்து, இரண்டாவதில் 2-0. முந்தைய வருடம் ஒஸ்டாபென்கோ பின்னாலிருந்து வந்து வென்ற அதே மைதானம். இம்முறை பின்னாலிருந்து வரவேண்டியவர் ஹாலெப். அங்கிருந்து அடுத்தடுத்து நாலு கேம் எடுத்தார், செட்டை 6-4 என்று முடித்தார், கடைசி செட்டில் 5-0 வரை போய் 6-1. முன்பு ஓரடி பின்னால் நின்று திருப்பிக்கொண்டிருந்த பந்துகளை இப்போது உள்ளே வந்து வாங்கினார். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த ஓரடிக்கு ஒரு வருடம் பிடித்தது.

புக்கரெஸ்ட் திரும்பியதும் தேசிய விளையாட்டரங்கில் ரசிகர்கள் முன்னால் கோப்பையைக் காட்டினார்.

2019 விம்பிள்டன் இறுதியில் செரீனா மோசமாக ஆடினாரா, ஹாலெப் நன்றாக ஆடினாரா?

இரண்டும். ஆனால் முதலாவதற்குக் காரணமே இரண்டாவது.

மதிப்பெண் 6-2, 6-2. செரீனாவின் தன்னிச்சைத் தவறுகள் (எதிராளி நேரடியாக நெருக்காமல் தானே செய்பவை) 26, ஹாலெப்பினுடையவை 3. இரண்டு செட்டுக்கும் சேர்த்து மூன்றே மூன்று. விம்பிள்டன் இறுதி என்ற பதற்றத்தில் புல்தரையில் இப்படி ஒரு கணக்கு வருவது அபூர்வம். முதல் நாலு கேமை எடுக்க அவருக்குப் பதினோரு நிமிடம்தான் ஆனது. செரீனா அடித்த எந்தப் பந்தும் ஒரு தடவையோடு முடியவில்லை. வழக்கமாகப் புள்ளியைத் தரும் அடி திரும்பி வந்தது, அதைவிடப் பலமாக அடித்தால் அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதைக் கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக அடிக்கப் பார்ப்பார், அது வெளியே போகும். 26 தவறுகள் அப்படிச் சேர்ந்தவை. 24வது கிராண்ட் ஸ்லாமுக்காகத் துடித்துக்கொண்டிருந்தவருக்கு அவசரமும் சேர்ந்துகொண்டது.

அதற்கு முன் இருவரும் மோதிய பத்து ஆட்டங்களில் ஒன்பதை செரீனா வென்றிருந்தார். ஹாலெப் வென்ற அந்த ஒன்று 2014 சிங்கப்பூரில் நடந்த ஆண்டிறுதித் தொடரின் குழு ஆட்டம், 6-0, 6-2. அதே வாரம் அதே தொடரின் இறுதியில் செரீனா 6-3, 6-0 என்று கணக்கைத் தீர்த்துவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிறு வயதில் அவர் அம்மா, டென்னிஸில் ஏதாவது சாதிக்க வேண்டுமென்றால் விம்பிள்டன் இறுதியில் ஆட வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். பரிசளிப்பின்போது ஹாலெப் இதைச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: வெற்றியாளருக்கு அந்தக் கழகத்தின் ஆயுள் உறுப்பினர் அந்தஸ்து கிடைக்கும், தொடரின் தொடக்கத்திலேயே அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தேன் என்று. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ருமேனியர் அவர். நஸ்டாசே இரண்டு முறை இறுதிக்கு வந்தும் முடியாதது.

அமெரிக்க ஓபனில் ஏன் சோபிக்கவில்லை?

2015இல் அரையிறுதி வரை வந்தார், ஃபிளாவியா பென்னெட்டாவிடம் தோற்றார். மற்றபடி 2017இலும் 2018இலும் முதல் சுற்றோடு வெளியே, இரண்டாவது தடவை உலக முதல்நிலை வீராங்கனையாக இருந்துகொண்டே. வருடம் முழுக்க ஓடிக் களைத்த கால்களோடு ஆகஸ்ட் முடிவில் அங்கே போய்ச் சேருவார் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

ஒலிம்பிக் பதக்கம்?

இல்லை. 2012 லண்டனில் முதல் சுற்று. 2016 ரியோவுக்கு ஜிகா வைரஸ் பயத்தால் போகவில்லை. டோக்கியோவைக் கெண்டைக்கால் காயம் கெடுத்தது. அதே காயத்தால் 2021 பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் போயின. விம்பிள்டனில் அவர்தான் நடப்புச் சாம்பியன், ஏனென்றால் 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை.

ஊக்கமருந்து வழக்கில் உண்மையில் என்ன நடந்தது?

தேதி வாரியாகச் சொன்னால்தான் புரியும்.

2022 ஆகஸ்டில் டொராண்டோ பட்டம் வென்றார், அதுதான் 24வது, கடைசிப் பட்டம். அந்த மாத இறுதியில் அமெரிக்க ஓபன் முதல் சுற்றில் உக்ரைனின் டாரியா ஸ்னிகுரிடம் தோல்வி. அப்போது எடுத்த சிறுநீர் மாதிரியில் ராக்ஸாடுஸ்டாட் இருந்தது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்குக் கொடுக்கும் மருந்து இது. ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும், அதனால் தடைப்பட்டியலில் இருக்கிறது. அக்டோபர் 7 அன்று தற்காலிகத் தடை அறிவிக்கப்பட்டது.

தான் சாப்பிட்ட ஒரு சத்துணவுப் பொடியில் கலப்படம் இருந்தது என்பது ஹாலெப்பின் வாதம். அந்த வருடம் ஏப்ரலில் அவருக்குப் பயிற்சியாளராக வந்திருந்த பேட்ரிக் மூராடோக்லூ, அந்தப் பொருளை எங்கள் குழுதான் கொண்டுவந்தது, நான் பொறுப்பாளி என்று பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். 2023 மே மாதம் இரண்டாவது குற்றச்சாட்டும் சேர்ந்தது: பல மாதங்களில் எடுத்த ரத்த மாதிரிகளை ஒப்பிடும் ‘உயிரியல் கடவுச்சீட்டு’ முறையில் சந்தேகத்துக்கிடமான மாற்றம் தெரிகிறது என்று.

2023 செப்டம்பரில் தீர்ப்பாயம் நாலு ஆண்டுத் தடை விதித்தது. பொடியில் கலப்படம் இருந்ததை அது ஏற்றுக்கொண்டது, ஆனால் அவர் சாப்பிட்ட அளவால் மாதிரியில் இருந்த செறிவு வந்திருக்க முடியாது என்றது. ஹாலெப் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு மேல்முறையீடு செய்தார். 2024 மார்ச் 5 அன்று அந்த மன்றம் தடையை ஒன்பது மாதமாகக் குறைத்தது. கலப்படப் பொடியிலிருந்தே மருந்து உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம், அவர்மேல் பெரிய தவறு இல்லை, எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும் என்ற அளவுக்கு மட்டும் தவறு உண்டு என்று முடிவு. கடவுச்சீட்டுக் குற்றச்சாட்டு தள்ளுபடி.

ஆக, இறுதித் தீர்ப்பின்படி அவர் தண்டனை 2023 ஜூலையிலேயே முடிந்திருக்க வேண்டும். தீர்ப்பு வந்தபோது ஆடாமல் பதினேழு மாதம் ஓடியிருந்தது.

நிரபராதி என்று தீர்ப்பானதாக எடுத்துக்கொள்ளலாமா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. விதிமீறல் நடந்தது என்பது நின்றது, ஒன்பது மாதம் அதற்குத்தான். வேண்டுமென்றே செய்தார் என்பது நிற்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல், ஆதரவாளர்கள் ஒரு பாதியையும் எதிர்ப்பாளர்கள் மறு பாதியையும் மட்டும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

பட்டங்கள் ஏதாவது பறிக்கப்பட்டதா?

இல்லை. மாதிரி எடுத்த நாளிலிருந்து தற்காலிகத் தடை வந்த நாள் வரையிலான முடிவுகள் மட்டும் ரத்து. அதில் அடங்குவது அமெரிக்க ஓபனின் அந்த ஒரு தோல்விதான். டொராண்டோ உட்பட 24 பட்டங்களும் அவர் பெயரில்தான் இருக்கின்றன.

ஸ்வியாடெக்குக்கு ஒரு மாதம், இவருக்கு மட்டும் ஏன் இப்படி?

2024 நவம்பரில் போலந்து வீராங்கனை இகா ஸ்வியாடெக்கின் ஒரு மாத ஊக்கமருந்துத் தடை வெளிவந்தபோது ஹாலெப்பே இன்ஸ்டாகிராமில் இதைத்தான் கேட்டார். யானிக் சின்னரின் ஊக்கமருந்து வழக்கும் அதே வருடம்.

வித்தியாசங்கள் இருக்கின்றன. ஸ்வியாடெக்கின் விஷயத்தில் கலப்படம் இருந்தது முறைப்படி விற்கப்படும் தூக்க மருந்தில், சத்துணவுப் பொடியில் இல்லை. மூலத்தை விரைவாகக் கண்டுபிடித்துத் தற்காலிகத் தடையை உடனே எதிர்த்தார், அதனால் அது நீங்கியது. அவர்மேல் இரண்டாவது குற்றச்சாட்டும் இல்லை. சட்டப்படி இரண்டும் ஒரே வழக்கு இல்லைதான். ஆனால் எனக்கு உறுத்துவது தண்டனையின் நீளம் இல்லை, விசாரணையின் நீளம். தற்காலிகத் தடை வந்து முதல் தீர்ப்புக்கே ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. முப்பத்தொரு வயதில், கால்களை நம்பி ஆடும் ஒருவருக்கு அந்த ஒரு வருடம் திரும்பக் கிடைக்காது. விரைவாக வாதாட வசதியும் அதிர்ஷ்டமும் உள்ளவர்களுக்கே விரைவான நியாயம் என்றால் ஹாலெப் கோபப்பட்டதில் தப்பே இல்லை.

திரும்பி வந்த பிறகு எப்படி ஆடினார்?

தீர்ப்பு வந்து இரண்டே வாரத்தில் மியாமியில் இறங்கினார், பாலா படோசாவோடு முதல் செட்டை 6-1 என்று எடுத்தார். அடுத்த இரண்டும் போயின. அதற்குப் பிறகு முழங்காலும் தோளும் விடவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான். 2025 ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச்சுற்றுக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தும் வலியால் விலகினார்.

2025 பிப்ரவரி 4, ருமேனியாவின் க்ளூஜ் நகரம், டிரான்சில்வேனியா ஓபன் முதல் சுற்று. இத்தாலியின் லூசியா பிரான்செட்டி 6-1, 6-1. தரவரிசையில் அப்போது ஹாலெப் 870. ஆட்டம் முடிந்ததும் மைக்கை வாங்கி, ருமேனிய மொழியில், சொந்த ஜனங்களிடம் நேராகவே சொல்லிவிட்டார்: உடம்பு இனி ஒத்துழைக்காது, உலக முதலிடமும் கிராண்ட் ஸ்லாமும் கிடைத்துவிட்டன, நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான் என்று. வயது 33.

இப்போதுதான் டென்னிஸ் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அவருடைய எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 2019 விம்பிள்டன் இறுதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதனாலேயே அவரைப் பற்றி முழுதாகத் தெரியவும் வராது.

ஒரு மதியம் முழுக்க இருக்கிறது என்றால் லாரன் டேவிஸ் ஆட்டம். இரண்டு பேருமே உயரம் குறைந்தவர்கள், இரண்டு பேருக்கும் சர்வ் கை கொடுக்காது, யாரும் விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள்.

ஒன்றே ஒன்று என்று கேட்டால் நான் சொல்வது 2017 பிரெஞ்சு ஓபன் காலிறுதி. எலினா ஸ்விடோலினா 6-3, 5-1 என்று முன்னால். மியாமியில் சுருண்டு உட்கார்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹாலெப் ஒவ்வொரு கேமாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, டைபிரேக்கரில் ஒரு மேட்ச் பாயின்ட்டையும் தப்பித்து செட்டை எடுத்தார். அடுத்த செட் 6-0. அந்தத் தொடரை அவர் வெல்லவில்லை என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதைத் தெரிந்துகொண்டே பாருங்கள்.